வேலியில் போன ஓணானும் ஹாலுக்கு வந்த இகுவானாவும்
வாசகர் கேள்விகள், கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பச்சை இகுவானா என்கிற, ஓணான் மாதிரி இருக்கும் பெரிய வெளிநாட்டுப் பல்லியைப் பற்றியவை. கோடை விடுமுறையில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் குட்டிகள், மழைக்காலம் முடிகிற நேரத்தில் துண்டில் சுற்றப்பட்டு என் மேஜைக்கு வரும். வருஷா வருஷம் நடப்பதுதான். அதனால் நாய், பூனைக்காரர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"என் மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் இகுவானா வாங்கினான். அப்போது ஒரு சாண் நீளம். இப்போது பதினோரு மாதம் ஆகிறது. கண்ணாடித் தொட்டியைக் கிழக்கு ஜன்னல் ஓரமாக வைத்திருக்கிறோம், காலை வெயில் நன்றாக விழும். வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ் போடுகிறோம். பத்து நாளாகப் பின்னங்கால் நடுங்குகிறது, வாயை முழுதாக மூட முடியவில்லை. ஆனால் தொடை நன்றாகக் கொழுத்திருக்கிறது, ஆகவே சத்துக்குறைவு இருக்காது என்று நினைக்கிறேன். 'வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை' என்று என் மாமியார் தினமும் சொல்லிக்காட்டுகிறார்."
– ஒரு அம்மா, அம்பத்தூர்

முதலில் அந்தத் தொடையைப் பார்ப்போம் அம்மா. அது கொழுப்பும் இல்லை, சதையும் இல்லை. எலும்பில் கால்சியம் வற்றும்போது, அந்த இடத்தை நார்த்திசுவால் நிரப்பி உடம்பு சமாளிக்கப் பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் கொழுகொழு என்று தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு நிழல்தான் இருக்கும். "நல்லா வளர்ந்திருக்கு டாக்டர், கால் மட்டும் இழுக்குது" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

கால் நடுக்கம், மூடாத வாய், வீங்கிய தொடை மூன்றும் ஒரே நோயின் அடையாளங்கள். இதைக் கால்சியம் குறைவால் வரும் எலும்பு நோய் என்போம். கீழ்த்தாடையை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள், அழுத்த வேண்டாம். கெட்டியாக இருக்க வேண்டிய தாடை பழைய ரப்பர் செருப்பு மாதிரி வளைந்து கொடுத்தால் நாளை, நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் இன்றே போங்கள். தோளில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். அடியில் துண்டு விரித்த அட்டைப்பெட்டியில் வையுங்கள். இந்த நிலையில் அது ஒரு அடி உயரத்திலிருந்து குதித்தாலே எலும்பு முறியும்.

சரி, ஜன்னல் வழியாகத்தான் வெயில் விழுகிறதே என்கிறீர்கள். வெளிச்சம் விழுகிறது, சூடும் வருகிறது. வராதது ஒன்றே ஒன்றுதான்: யுவிபி என்கிற புற ஊதாக் கதிர். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைக் கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிடும். இகுவானாவின் தோலில் அந்தக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால், தின்ற கால்சியம் குடலில் இருந்து இரத்தத்துக்குப் போகாமல் எச்சத்தோடு வெளியேறிவிடும். இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் கால்சியம் வேண்டுமே, அதற்கு உடம்பு எலும்பைக் கரைக்க ஆரம்பிக்கும். பதினோரு மாதமாக உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். போதாக்குறைக்கு வெள்ளரி என்பது பெரும்பாலும் தண்ணீர்.

வாங்க வேண்டியது யுவிபி டியூப் லைட். மீன் தொட்டிக்குப் போடும் நீல லைட்டும் எல்.இ.டி.யும் இதற்கு உதவாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, பெட்டியில் 'யுவிபி' என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இகுவானா படுக்கும் கிளையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி தூரத்தில் மாட்டுங்கள். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக்கூடாது. தினம் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். இந்த டியூப்பில் ஒரு ஏமாற்று உண்டு: வருஷக்கணக்கில் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும், ஆனால் யுவிபி அதற்கு முன்பே தீர்ந்துபோயிருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மாற்றிவிட வேண்டும். மாட்டிய தேதியைப் பேனாவால் டியூப்பின் ஓரத்தில் எழுதி வைப்பது என் பழக்கம்.

இதையெல்லாம்விட நல்லது நேரடி வெயில். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை, கம்பி வலைக் கூண்டில், பாதிக்கு மேல் நிழல் விழும்படி ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். கண்ணாடித் தொட்டியோடு மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பதினாலு வருஷம் முன்பு, யாரோ கிளினிக் வாசலில் விட்டுப்போன இகுவானா ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் தொட்டியோடு வெயிலில் வைத்தேன். கீழே போன் அடித்தது, இறங்கி வந்து பேசினேன். இருபது நிமிஷம் இருக்கும். மேலே போனபோது அது வாயை ஆவென்று திறந்தபடி தொட்டியின் மூலையில் ஏறி நின்றுகொண்டிருந்தது. தொட்டிக்குள் கையை விட்டால் அடுப்பு மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றினேன், ஊசி போட்டேன். சாயங்காலம் இறந்துவிட்டது. மருத்துவர் வீட்டிலேயே இப்படி நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மகனுடையது பிழைக்க வாய்ப்பு நிறைய இருக்கிறது. வாய்வழிக் கால்சியம் மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று எடை பார்த்து மருத்துவர் சொல்வார். வைட்டமின் டி3 சேர்ந்த பொடியை நீங்களாக அள்ளிப் போடாதீர்கள், மிஞ்சினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும். தேற மாதக்கணக்காகும். தாடை கொஞ்சம் கோணலாகவே நிற்கலாம், சாப்பிட அது தடையில்லை.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். வேலியில் போகிற அந்த ஓணானுக்கு இந்த நோய் வராது. அது காலையிலிருந்து வெயிலில்தான் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

"எங்கள் இகுவானா தினமும் ஐந்தாறு முறை தும்முகிறது. தொட்டியின் கண்ணாடியெல்லாம் வெள்ளைப் பொடி. சளி பிடித்துவிட்டதா? ஆவி பிடிக்கலாமா?"
– கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, ஆவியும் வேண்டாம், தைலமும் வேண்டாம். அது உப்பு. உடம்பில் மிஞ்சுகிற உப்பை மூக்கருகே இருக்கும் சுரப்பி வழியாகத் தும்மி வெளியேற்றுவது இகுவானாவின் வழக்கம். காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். குடிக்கவும் முங்கவும் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மூக்கில் நுரை, கோழை, மூச்சில் கரகர சத்தம், சும்மா இருக்கும்போதே வாய் திறந்து மூச்சு விடுதல், இவற்றில் ஏதாவது இருந்தால்தான் கவலை. அப்போது உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

"வளரும் வயதில் புரதம் வேண்டும் என்று வாங்கிய இடத்தில் சொன்னார்கள். அவித்த முட்டையும் நாய் பிஸ்கட்டும் கொடுக்கிறேன். விரும்பித் தின்கிறது. கீரை போட்டால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை."
– வாசகர், திருச்சி

விரும்பித் தின்கிறது என்பது ஒரு சான்றே இல்லை. என் பேரனும் சிப்ஸை விரும்பித்தான் தின்கிறான். இகுவானா குட்டியிலிருந்து கிழம் வரை இலை தின்கிற பிராணி. முட்டையும் நாய்த் தீனியும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும், மூட்டில் யூரிக் அமிலம் படியும். இந்தக் கேடு ஓரிரு வருஷம் வெளியே தெரியாது. தெரியும்போது நம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

நம் சந்தையில் கிடைப்பதே அதற்கு விருந்து. முருங்கைக்கீரையை முதலில் வைப்பேன், கால்சியம் அதிகம். அகத்தியில் அதைவிடவும் அதிகம். செம்பருத்தி இலையும் பூவும் கொடுங்கள். சிவப்புப் பூவைக் கண்டால் தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து இறங்கி வரும். கூடவே துருவிய மஞ்சள் பூசணி, பொடியாக நறுக்கிய அவரை, கொத்தவரை. பழம் என்றால் வாரத்துக்கு ஒருமுறை பப்பாளியில் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். பாலக் கீரையில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அதைத் தவிர்த்துவிடுங்கள். முளைக்கீரை, சிறுகீரை எப்போதாவது போகட்டும். எந்தக் கீரையானாலும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், மருந்தடித்த வாசனை வந்தால் குப்பையில் போடுங்கள்.

பழக்கத்தை மாற்றப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். முட்டையை ஒரேயடியாக நிறுத்தி, பூசணித் துருவலில் முருங்கை இலையைப் பிசிறிக் காலையில் வையுங்கள். வெயிலோ விளக்கோ பட்டு உடம்பு சூடேறி ஒரு மணி நேரம் ஆன பிறகு வைத்தால் பசியோடு வரும்.

ஒரு சின்னக் கதை. காட்டில் முட்டையிலிருந்து வந்த குட்டிகள் பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தின்னும். கேட்க அருவருப்பாக இருக்கும். இலையை நொதிக்கவைத்துச் செரிக்கும் நுண்ணுயிரிகள் அப்படித்தான் குடலில் குடியேறுகின்றன. மாட்டின் இரைப்பையில் நடப்பது இதற்குப் பெருங்குடலில் நடக்கிறது. அந்த நுண்ணுயிரிகளுக்கு நாய் பிஸ்கட் எதற்கு?

"ராத்திரி பயங்கரக் குளிர். தொட்டிக்குள் கரண்டில் சூடாகும் கல் ஒன்று வாங்கி வைத்தேன். அதன் மேலேயே படுத்துக் கிடக்கிறது. வயிற்றில் கறுப்பாகத் தழும்பு."
– ஆசிரியை, குன்னூர்

"பெட்ரூமில்தான் தொட்டி. ஏ.சி. 22-ல் ஓடும். நாலு நாளாகச் சாப்பிட்டது அப்படியே வாந்தியாக வருகிறது."
– ஐ.டி. ஊழியர், சென்னை

இரண்டு கடிதமும் ஒரே நாள் தபாலில் வந்தன. இகுவானாவுக்குச் சொந்தமாகச் சூடு உண்டாக்கத் தெரியாது, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். மத்திய அமெரிக்காவின் ஆற்றோர மரங்களில் வாழ்கிற இனம் அது. மரக்கிளையில் படுத்து முதுகில் வெயில் வாங்கியே பழக்கம். அடிவயிற்றில் சுடுவது அதற்குச் சட்டென்று உறைக்காது, வெந்துபோகும் வரை படுத்திருக்கும். டீச்சர், கல்லை இப்போதே எடுத்துவிடுங்கள். அந்தக் கறுப்பு தீப்புண். தோல் உரிந்தாலோ நீர் கசிந்தாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கல்லுக்குப் பதிலாக, வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் பல்பை மேலே மாட்டுங்கள். அது தாவித் தொட்டுவிடாதபடி வலை போட்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். ஒரு கோடியில் 35 டிகிரி, எதிர்க் கோடியில் 28 என்று இருக்கட்டும், வேண்டியபோது அதுவே இடம் மாறிக்கொள்ளும். ராத்திரி 24-க்குக் கீழே போகவிடாதீர்கள். கரண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி உள்ளே வைக்கலாம்.

சென்னைத் தம்பி, உங்கள் ஊர் அந்தப் பிராணிக்கு ஏற்ற ஊர். வெயிலும் இருக்கிறது, புழுக்கமும் இருக்கிறது. காற்றில் எழுபது சதவீத ஈரப்பதம் வேண்டும் என்று மற்ற ஊர்க்காரர்கள் மெஷின் வாங்குகிறார்கள், உங்களுக்குக் கடல் இலவசமாகத் தருகிறது. அதை 22 டிகிரி அறையில் பூட்டி வைத்தால், தின்ற கீரை செரிக்காமல் வயிற்றுக்குள்ளேயே அழுகும். வாந்தி அதனால்தான். தொட்டியை ஹாலுக்கு மாற்றுங்கள். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மே மாதத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் யோசிக்க வேண்டும், ஈரச்சாக்கு, ஃபேன், நிழல்.

குளிர் இதை எப்படி முடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீட்டில் வளர்த்துத் தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி, இகுவானா ஊரெல்லாம் திரிகிறது. 2020 ஜனவரியில் அங்கே குளிர் அடித்தபோது, மரத்திலிருந்து இகுவானா விழலாம், பார்த்து நடங்கள் என்று மயாமி வானிலை அலுவலகமே அறிவித்தது. விழுந்தவற்றில் பல, வெயில் வந்ததும் எழுந்து நடந்தன.

"மூன்று வயதுப் பெண் இகுவானா. ஆண் கிடையாது. மூன்று வாரமாகச் சாப்பாடு இல்லை, ராத்திரி பகலாகத் தொட்டியின் மூலையைப் பிறாண்டுகிறது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போகிறது. கட்டியா?"
– இல்லத்தரசி, சேலம்

கட்டி இல்லை, முட்டை. ஆண் இல்லாமலும் முட்டை வரும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். இடுப்புக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மிக மெல்லத் தடவினால் திராட்சைக் கொத்து மாதிரி தட்டுப்படும். ஒரு ஈட்டில் இருபதிலிருந்து எழுபது வரை இடும், அத்தனையும் அந்த வயிற்றுக்குள். சாப்பாட்டுக்கு இடமே இல்லை, அதனால்தான் தின்னவில்லை. பிறாண்டுவது குழி தேடி.

அது உடம்பைத் திருப்ப இடம் இருக்கும் பிளாஸ்டிக் டப் ஒன்றில் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து போடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரம் இருக்கட்டும். மேலே பாதியை மூடி இருட்டாக்கி வையுங்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் இடாது, நீங்களும் அடிக்கடி எட்டிப் பார்க்காதீர்கள். கண் தெளிவாக, சுறுசுறுப்பாக இருக்கும் வரை பொறுக்கலாம். தலையைத் தொங்கப் போட்டால், கால் வலுவிழந்தால், பாதி முட்டை இட்டு நின்றுபோனால் அது அவசரம். முட்டை உள்ளேயே தங்கி உயிர் போவதைப் பார்த்திருக்கிறேன். இடும்போது கால்சியம் நிறையச் செலவாகும், அதனால் அம்பத்தூர் அம்மாவுக்கு எழுதியதை நீங்களும் படியுங்கள். அடுத்த வருஷமும் இதே பாடு வேண்டாம் என்றால், தேறிய பிறகு சினைப்பையை நீக்கும் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

"நாலடித் தொட்டி ஆயுசுக்கும் போதுமா?"
– வாசகர், ஈரோடு

போதாது. முதல் வருஷத்துக்குச் சரி. வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஐந்து அடி, ஆண் ஆறு அடியும் போகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷம்கூட இருக்கும். அப்புறம் தேவைப்படுவது தொட்டி இல்லை, பீரோ மாதிரி உயரமான வலைக் கூண்டு, உள்ளே அதன் உடம்பைவிடத் தடிமனான கிளைகள். வீட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

"இகுவானா விலை கட்டுப்படியாகவில்லை. எங்கள் தோப்பில் பச்சோந்தி, உடும்பெல்லாம் வரும். ஒன்றைப் பிடித்து வளர்க்கலாமா?"
– வாசகர், பொள்ளாச்சி

கூடாது. இரண்டுமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் சிறை. தோப்பில் உட்கார்ந்து பாருங்கள், காசும் கிடையாது, விளக்கும் வேண்டாம்.

இகுவானா வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்தன. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். இகுவானாவும் அந்தப் பட்டியலில் உண்டு. "பேப்பரெல்லாம் தேவையில்லை சார்" என்று எவராவது விற்றால் வாங்காதீர்கள். வளர்க்க முடியவில்லை என்று ஏரிக்கரையில் கொண்டுபோய் விடவும் கூடாது. ஃபுளோரிடா கதையைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே.

"மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டில் இகுவானா இருக்கலாமா?"
– ஒரு தாய், தஞ்சாவூர்

ஆரோக்கியமான ஊர்வனவின் எச்சத்திலும், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கர்ப்பிணி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, முதியவர் மூவரும் தொடாமல் இருப்பதே நல்லது. பிரசவம் முடிந்து பிள்ளை ஊருக்குப் போகும் வரை வேறு வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். வழியில்லை என்றால் தனி அறை, கதவு எப்போதும் மூடியிருக்கட்டும். அதன் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். தண்ணீரில் முங்கினாலே எச்சமிடும், அதனால் குளிப்பாட்டும் வாளியும் மக்கும் தனியாக இருக்கட்டும். தொட்டவர் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும்.

"டாக்டர் ஆன்ட்டி, எங்க இகுவானா தலை உச்சியில ஒரு சின்ன வட்டம் இருக்கு. அது மூணாவது கண்ணாம். நிஜமா?"
– ஐந்தாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

நிஜம்தான் கண்ணு. வெளிறிய ஒரு செதில் மாதிரி இருக்குமே, அதுதான். அதால் உன் முகத்தைப் பார்க்க முடியாது. வெளிச்சமா, நிழலா என்று மட்டும் தெரியும். மேலே பருந்து பறந்தால் நிழல் விழும் இல்லையா, அது தெரிந்து ஓடி ஒளிந்துகொள்ளும். நீ மேலேயிருந்து கையை நீட்டித் தூக்கினாலும் அதற்குப் பருந்துதான். அதனால் தரையில் உட்கார்ந்துகொண்டு பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோ. கையில் ஒரு செம்பருத்திப் பூ இருக்கட்டும்.